முடிப்பு அடி

இந்த நாற்காலி பரவாயில்லை. கைப்பிடி வைத்த நாற்காலி என்றால் மத்தளக்காரனுக்கு முழங்கை இடிக்கும். உங்கள் ஊர் அரங்கத்தில் எனக்குப் போட்டது அப்படி ஒன்றுதான், குறையாகச் சொல்லவில்லை. மொழிபெயர்க்கிற அம்மாவுக்குச் சிரமம் இல்லாமல் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

நீங்கள் என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். என் தம்பி மேடையில் இறந்ததை விபத்து என்று எழுதி முடிக்கப் போகிறீர்களாம். எங்களை இங்கே அழைத்து வந்த அமைப்பாளர் அம்மா சொன்னார். அவர் எங்கள் மொழிக்காரர், நல்ல மனுஷி. ஆனால் என்னைப் பற்றி உங்களிடம் ஒரு தப்பான வார்த்தை சொல்லிவிட்டார். அதைத் திருத்தத்தான் இந்த வெயிலில் நடந்து வந்தேன்.

எங்கள் ஆட்டத்தில் முகமூடியைக் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. உள்ளே ஒரு தோல்பட்டை இருக்கும், அதைப் பல்லால் கடித்துக்கொண்டு ஆட வேண்டும். ஆடுகிறவன் வாயைத் திறக்க முடியாது. இனி முடியாது என்று தோன்றினால் இடது கையை நெஞ்சில் வைத்து, மத்தளக்காரன் பக்கம் திருப்பிக் காட்டுவான். மத்தளக்காரன் உடனே முடிப்பு வாசிக்க வேண்டும். அதன் கடைசி அடி விழுந்த பிறகுதான் ஆடுகிறவன் உட்காரலாம். அடி விழாமல் எங்கள் குடும்பத்தில் எவனும் உட்கார்ந்ததில்லை. செத்தாலும் நின்றுகொண்டுதான் சாவோம் என்று வீட்டில் கேலியாகச் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் பக்கம் ஆடினால் இது பார்க்க வந்த எல்லாருக்கும் தெரியும். கை நெஞ்சுக்குப் போனதுமே முன்வரிசையிலிருந்து குரல் வரும். "விடுப்பா, புள்ள தவிக்கிறான், முடி." உங்கள் ஜனங்களுக்கு அது தெரிய நியாயம் இல்லை. ரொம்ப மரியாதையானவர்கள். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறார்கள்.

தம்பிக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். அவன் மாத்திரை எப்போதும் என் மத்தள உறையில்தான் இருக்கும். ஒரு வேளை தவறவிட்டதில்லை. அன்று காலையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதை விழுங்கிவிட்டு, விடுதியின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி சொன்னான்.

"அண்ணா, அடுத்த வருஷம் நிறைய நாட்டுல கூப்பிடுறாங்க. நீ ஒரு தடவை வாசிச்சுக் குடுத்துடு, பதிவு பண்ணிக்கலாம். இந்த வயசுல நீ எதுக்கு மத்தளத்தைத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"பதிவுக்குக் கண்ணு இருக்காடா? நீ கை காட்டினா யாரு பாப்பா?"

"அளவா ஆடிட்டா கையே காட்ட வேணாமேண்ணா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். தன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தான். அமைப்பாளர் அம்மா நான் என்ன சொல்வேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவன் நடக்கப் பழகியதே என் மத்தளச் சத்தத்துக்குத்தான். ஆனாலும் நான் கோபப்படவில்லை. ரொட்டியைச் சாப்பிட்டேன். கண் உள்ள மத்தளத்துக்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

மதிய ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்திருந்தது. விளக்குகளின் சூடு தாங்க முடியவில்லை. ஆட்டம் சூடு பிடித்த இடத்தில் அவன் கை நெஞ்சுக்குப் போனது. நான் முடிப்புக்குப் போகவில்லை, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். நல்ல ஆட்டக்காரன், உடனே பிடித்துக்கொண்டான். மறுபடியும் கை வந்தது. இந்த முறை என் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. சபையில் சிலர் அதை வணக்கம் என்று நினைத்துத் தங்கள் நெஞ்சிலும் கை வைத்துக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமூடியின் தாடை வழியாக எச்சில் ஒழுகுவது என் இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அதற்கு அப்புறம் ஒரு முறை கையைத் தூக்கப் பார்த்தான். அது இடுப்புக்கு மேலே ஏறவில்லை.

அவன் விழுந்த பிறகு முடிப்பு வாசித்தேன். ஒரு அடிகூடப் பிசகாமல் முழுசாக வாசித்தேன். அதைப் பாதியில் விடுவது பாவம். சபை எழுந்து நின்று கைதட்டியது. எங்களுக்கு யாரும் அவ்வளவு நேரம் கைதட்டியதே இல்லை. அப்புறம்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். தோல்பட்டையை அவன் பல்லிலிருந்து விடுவிக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

அமைப்பாளர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பாவம் நீங்க, வாசிக்கிற மும்முரத்துல அவர் கை காட்டினதைக் கவனிக்கல." உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறார், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். ஊருக்குச் செய்தி போகும், நாலு பேர் என்னைப் பற்றிப் பேசுவார்கள். தம்பியைக் கொன்றவன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். கவனிக்காமல் வாசிக்க நான் என்ன பதிவா? அவன் காட்டிய ஒவ்வொரு கையையும் பார்த்தேன்.