ஒரே மேசையில் இரண்டு கையெழுத்து

– இன்னும் பதினெட்டாம் பக்கத்துலயேவா இருக்கீங்க? சார், நீங்க விக்கறது ஒரு வீடு. ஊரையே இல்ல.

– படிக்காம கையெழுத்து போடாதீங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?

– வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம சொல்லிட்டேன். அதுக்காக ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கணுமா?

– அவசரம் என்னம்மா?

– என்னவா? நாலு மணிக்குள்ள நீங்க போடலேன்னா வாங்கறவங்களுக்கு பேங்க் கடன் ரத்து. வெளியில கைக்குழந்தையோட உக்காந்திருக்காங்க. அவங்க சாமான் ஏத்தின லாரி உங்க வீட்டு வாசல்ல நிக்குது. மொத தடவை கண்ணாடியை மறந்துட்டேன்னீங்க. ரெண்டாவது தடவை வயித்து வலி. பதினொரு வருஷமா வீட்டு புரோக்கர் வேலை பாக்கறேன், ஒரு வீட்டைக் கைமாத்தி விட இப்படி யாரும் என்னை அலைய விட்டதில்ல!

– கோவிச்சுக்காதீங்க. அவளும் வந்துரட்டும்.

– எவ?

– என் வீட்டுக்காரிம்மா. வீடு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு. அவ கையெழுத்து இல்லாம எப்படிச் செல்லும்?

– அதை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க பங்கை முடிங்க.

– எனக்குப் பக்கத்துல உக்காருவா. எங்க போடணும்னு என்னைத்தான் கேப்பா. எந்த ஃபாரம் வந்தாலும் அப்படித்தான்.

– கடவுளே! அவங்க உங்களை விட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?

– ஆச்சு. போனை எடுக்கறதில்ல. லெட்டர் போட்டா அப்படியே திரும்பி வருது. ஆனா இதுக்கு வந்துதானேம்மா ஆகணும்?

– இருங்க, இருங்க. இதுக்காகவா வீட்டையே விக்கறீங்க?

– பின்ன? அந்த வீட்டுல எனக்கு என்ன குறைச்சல்?

– ஐயோ! இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

– மணி மூணே முக்கால்தான் ஆகுது. வந்துருவா.

– வர மாட்டாங்க சார்.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன். என்னைச் சொல்ல வெச்சுட்டீங்களே. காலையில ஒன்பது மணிக்கே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. இந்தாங்க, அவங்க பக்கம். தனியா எடுத்து வெச்சிருந்தேன்.

– அவ கையெழுத்துதான்.

– தண்ணி குடிக்கறீங்களா சார்?

– வேணாம். என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?

– கேட்டாங்க.

– என்ன கேட்டா? சொல்லுங்கம்மா.

– “அவர் வர்றதுக்குள்ள நான் கிளம்பிரலாம்ல?”ன்னு.