மேட்டில் இல்லாத பூட்ஸ்

என் பெயர் சந்தனசாமி, வயது 36, தகப்பனார் பெயர் தைரியநாதன், ஊர் திருச்சி ஜில்லா ஆவூர். பாறைக் கிணறு வெட்டுவது தொழில்.

சோலையப்பன் தோட்டத்துக் கிணற்றில் அறுபதடிக்குக் கீழே, ஊற்றுக்காக நாங்கள் குடைந்த பக்கச் சுரங்கம் இருக்கிறது. வானத்திலிருந்து இறங்கும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களைப் பாறை எவ்வளவு தடுக்கும் என்று அளக்க, காலேஜ் வாத்தியார் ரெங்கசாமி 10-3-1958 அன்று வந்தார். பூமிக்கடியில் ஆராய்ச்சிக்கூடம் கட்ட அந்தக் கணக்கு வேண்டுமாம். கதிர் பட்டால் அவருடைய பெட்டி டிக்கென்று சத்தம் போடும், அதைக் காதில் கருவி மாட்டிக் கேட்பார். நிமிடத்துக்குக் கிணற்று மேட்டில் இருபத்தாறு, சுரங்கத்தில் ஏழு.

கிணற்றில் இறங்குகிற யாரும் செருப்பை மேட்டில் விட்டுத்தான் இறங்குவோம். வேட்டு வைப்பவர் மேட்டில் செருப்பு இல்லை என்று பார்த்து, மூன்று குரல் கொடுத்து, பிறகே இறங்கித் திரியைப் பற்றவைப்பார்.

12ஆம் தேதி மத்தியானம், வேட்டு வைக்கும் என் தங்கை புருஷன் அடைக்கலம் பாறைக் குழிகளில் வெடிமருந்து கெட்டித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதன் பிறகு வாத்தியார் கடைசி அளவு ஒன்று பாக்கி, அரை மணி போதும் என்று சொல்லி, எங்களைப் பார்த்துப் பழகியதால் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். நான், "நீங்க கழட்ட வேண்டாங்க சார், கல்லு குத்தும். நான் மேலதானே நிக்கிறேன்" என்றேன். அவர் பூட்ஸோடு இறங்கினார். பிறகு மாற்று பாட்டரி கேட்டார், அதை எடுக்க ரோட்டில் நின்ற வண்டிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது மூன்றாவது குரல் கேட்டது. பாட்டரியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் சேர்வதற்குள் அடைக்கலம் பற்றவைத்துவிட்டு மேலே ஏறியிருந்தார். சுரங்கம் வளைந்து போவதால் உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. "மச்சான், சார் உள்ள இருக்காரு" என்றேன். அவர் திரியைப் பிடுங்க உடனே படியில் கால் வைத்தார். நான் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் தங்கைக்கு ஏழு மாதம். "விடுய்யா, நேரமிருக்கு" என்று என் கையைக் கடித்தார், தழும்பு இதோ இருக்கிறது. விடவில்லை. வேட்டு வெடித்தது.

புகை அடங்கிய பிறகு இறங்கி, கல்லைப் புரட்டி, இருவரும் வாத்தியாரைத் தூக்கி வந்தோம். உயிர் இல்லை. அவருடைய பூட்ஸைக் கழற்றி மேட்டில் வைத்தேன். அதைப் பார்த்த பிறகு அடைக்கலம் என்னோடு பேசவில்லை.

மேட்டில் பூட்ஸ் இருந்தும் பற்றவைத்தார் என்று அடைக்கலத்தை லாக்கப்பில் வைத்திருப்பது சரியல்ல. கழற்ற வேண்டாம் என்றவனும் நான், மேட்டை விட்டுப் போனவனும் நான், அவரைப் பிடித்துக்கொண்டவனும் நான். நேரம் இருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(ஒப்பம்) த. சந்தனசாமி
14-3-1958