மூச்சைப் பிடிப்பதற்கு முன்

முதலியார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறை வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் உள்ளே போனவர் பிள்ளைச்சாவடி மீனவர். இருமல் விடவே இல்லை, நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். கதவு மூடிய பிறகும் அவர் குரல் நன்றாகவே கேட்டது.

“என்னத் தனியா நிக்க வெச்சிட்டு நீ எங்கம்மா ஓடற?”

படம் எடுக்கும் பெண் சலித்துக்கொண்டாள். “ஐயா, திரும்பிட்டீங்களே! படம் கலங்கிப்போச்சு. இன்னொரு தடவ எடுக்கணும்.”

“நீ ஏன் செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்ச? அத மொதல்ல சொல்லு.”

“கதிர் என்மேல படக்கூடாதுய்யா.”

“என்மேல மட்டும் படலாமா?”

“உங்களுக்கு ஒரு நொடிதான், ரொம்பக் கொஞ்சம். அந்தக் கதிர் உடம்புல தங்காது. நான் நாள் பூரா எடுக்கறேன். தெனம் தெனம் பட்டா உடம்பு கெட்டுப்போயிடும்.”

அவர் இருமிக்கொண்டே சொன்னார்.

“பீச்சுக்கு வேடிக்க பாக்க வரவனுக்கும், போட்டுலயே கெடக்கற எனக்கும் ஒரே வெயிலுதான். தோலு எனக்குத்தான உரியுது.”

“அதேதான்யா. இப்ப நெஞ்ச பலகையில ஒட்டி வெச்சி, மூச்ச இழுத்துப் புடிங்க.”

“நீ அந்தாண்ட போயிட்டியா?”

“போயிட்டேன். பேசாதீங்க, மூச்சப் புடிங்க!”

“இன்னும் நல்லா உள்ள போம்மா. அப்புறந்தான் புடிப்பேன்.”