பன்னண்டாம் நம்பர் வீட்டுப் புகார்

சார், முதல்ல ஒரு விடுகதை போடறேன், கோவிச்சுக்காதீங்க. வாசல் வரைக்கும் வந்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டதும் அதுதான். உள்ள உக்கார வச்சுட்டுப் பின்னால காட்டிக் குடுத்ததும் அதுதான். அது என்ன?

தெரியலையா? விடை உங்க கையிலதான் இருக்கு. அந்த ஃபைன் சீட்டுல மூணாவது வரி பாருங்க, புகார் குடுத்தவர் முகவரின்னு. பன்னண்டாம் நம்பர் ஃபிளாட். நான் அன்னிக்கு யார் வீட்டுக்கு விருந்தாளியா போனேனோ, அந்த வீடேதான். கூப்பிட்டவளே என் கார் மேல புகார் குடுத்திருக்கா.

இல்ல சார், ஃபைன் ஜாஸ்தின்னு நான் சண்டைக்கு வரல. அதுக்கா லீவு போட்டுட்டு, அந்தக் கார எடுக்க மனசு வராம பஸ்ஸுல ஆறு மணி நேரம் உக்காந்து வந்திருக்கேன்? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தப் புகார யாரு குடுத்தான்னு நீங்க பாத்துச் சொல்லணும். இந்தப் பார்க்கிங் ஃபைன் ஆபீஸ்ல எல்லா போனும் ரெக்கார்டு ஆகுமாமே, வெளிய உக்காந்திருந்தவர் சொன்னாரு. அத எனக்குப் போட்டுக் காட்டணும். ஆட்சேபணை பண்றவங்க கேட்டா போடணும்னு சுவத்துல ஒட்டியிருக்கு, நானே படிச்சேன்.

கதைய சுருக்கமா சொல்லவா? சரி. உங்களுக்கு என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும். அவனா இருந்தா, சும்மா கேளுடான்னு சொல்லியிருப்பேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க, அதனால சார்.

நான் பல் செட் செய்யறவ. டாக்டர் இல்ல. டாக்டருங்க வாய அளவெடுத்து அனுப்புவாங்க, நாங்க லேப்ல செஞ்சு குடுப்போம். அந்த வீட்டுக்காரியும் நானும் பன்னண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவ மெழுகுல பல்ல அடுக்குவா, நான் கடைசியா தேய்ச்சுப் பாலீஷ் போடுவேன். ஒரு வாய்க்கு ரெண்டு பேர் கை. அவ அடுக்கி வச்சதத் திறந்து பாக்காமலே நான் தேய்க்க எடுப்பேன், அவ்வளவு நம்பிக்கை. என் பொண்ணு பிறந்தப்ப ஆஸ்பத்திரி வெராண்டாவுல உக்காந்திருந்தவ அவதான். என் வீட்டுக்காரரு? அவரு வேற வழி பாத்துப் போயிட்டாரு. அது வேற கதை, அதுக்கு வேற ஆபீஸ்.

அப்புறம் கம்பெனி இன்னொரு ஊர்ல புது லேப் திறந்தாங்க. போய் ஆரம்பிச்சுக் குடு, ரெண்டு வருஷம் கழிச்சு அங்கயே சூப்பர்வைசர்னாங்க. தங்கறதுக்கு ஒரே ரூம்ல நாலு பொம்பளைங்க. பிள்ளைய எங்க வச்சுக்கறது? ஏழு வயசு அவளுக்கு. அப்ப இவதான் சொன்னா, இங்க விட்டுட்டுப் போடி, நானும் அவரும் எத்தன நாளைக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுன்னு. பிள்ளை இல்ல சார் அவங்களுக்கு. கையெழுத்து, காகிதம்னு ஒண்ணும் இல்ல. என் பொண்ணோட துணிப் பெட்டிய அவ வீட்டுல வச்சுட்டு நான் பஸ் ஏறிட்டேன்.

குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் பாத்துக்கிட்டா. மூணு மாசத்துக்கு ஒரு தடவ நான் வந்து ரெண்டு நாள் இருப்பேன். தினம் சாயங்காலம் போன். இந்த ரெண்டு வருஷத்துல பிள்ளைக்கு ஆறு பல்லு விழுந்திருக்கு. ஒவ்வொண்ணும் விழுந்தப்ப அவ போட்டோ எடுத்து அனுப்பிருவா. ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் பல்லு கட்டினவ நான். என் பிள்ளைக்குப் பல்லு முளைச்சத போன்லதான் பாத்தேன்.

இப்ப எனக்கு வீடு கிடைச்சாச்சு. ரெண்டு ரூம். பள்ளிக்கூடத்துல இடம் சொல்லியாச்சு. ஒரு ரூமுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சேன், என் பொண்ணுக்கு நீலம்னா உயிரு. இப்ப மஞ்சளாம், அத எனக்கு யாரும் சொல்லல. பரவால்ல. பழைய கார் ஒண்ணு வாங்கினேன், அதுல அவளக் கூட்டிட்டு வரணும்னுதான். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அங்க போய் நிக்கறேன்.

கேட்லயே வந்து நின்னா அவ. அந்தக் குடியிருப்புல ஒரு வீட்டுக்கு ஒரு விசிட்டர் கார்டு, பச்சைக் கலர்ல இருக்கும். வர்றவங்க கார்ல, முன் கண்ணாடிக்கு உள்ள தொங்க விடணும். அவ கையால குடுத்தா, நான் என் கையால மாட்டினேன். நாலாம் நம்பர் கட்டத்துல, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, ஈறுல பல்லு உக்கார்ற மாதிரி நிறுத்தினேன்.

ஆமா, உங்க ஆளு எடுத்த போட்டோவுல கார்டு இல்ல. அதத்தான் நானும் கேக்கறேன். பூட்டின கார்லேருந்து கார்டு எப்படிப் போகும்? சாவிய அவ வீட்டு வாசல் ஆணியிலதான் மாட்டியிருந்தேன். வெளி ஆளு யாரு வந்து எடுப்பாங்க? அது மட்டுமில்ல, வாட்ச்மேன் புகார் குடுத்தா நீங்க வர மாட்டீங்களாம். குடியிருக்கறவங்க யாராவது வீட்டு நம்பரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவீங்களாம். அசோசியேஷன்ல பார்க்கிங் விவகாரம் பாக்கறது யாருன்னு நினைக்கறீங்க? அவதான். உங்க நம்பர பெருசா எழுதி செல்போன் உறையில ஒட்டியே வச்சிருக்கா. மாசத்துக்கு நாலு புகாராவது அந்த வீட்டுலேருந்துதான் வரும். உங்களுக்கும் பழக்கம்தானே? பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

அன்னிக்கு அவ பண்ணினத நான் ஒண்ணொண்ணா யோசிச்சுப் பாத்தேன் சார். வந்த உடனே கிளம்பறேன்னேன். டீ குடிச்சுட்டுப் போன்னா. குடிச்சேன். யூனிஃபார்ம்ல ஒரு பட்டன் ஆடுதுன்னு ஊசிய எடுத்தா. அங்க வேற யூனிஃபார்ம்டி, இது எதுக்குன்னேன். இருக்கட்டும்னு தைச்சா. அப்புறம் பிள்ளைக்குத் தலை பின்னி விட்டா. பின்னி முடிச்சு, கோணலா இருக்குன்னு அவுத்துட்டு மறுபடியும் முதல்லேருந்து பின்னினா. நான் கடிகாரத்தப் பாக்கறேன், அவ பாக்கவே இல்ல.

நடுவுல துணி எடுக்கறேன்னு மொட்டை மாடிக்குப் போனா. பத்து நிமிஷம். கீழ இறங்கிக் கார்ட எடுக்க, ஒரு போன் பண்ண, பத்து நிமிஷம் போதாதா? அவ வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருந்தாரு. என் பொண்ணு கூட்டாளிங்ககிட்ட சொல்லிட்டு வர்றேன்னு கீழ போயிருந்தா. நான் ஹால்ல ஒத்தையில உக்காந்து, ரெண்டு பெட்டியையும் பாத்துக்கிட்டிருந்தேன். துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தா. இவ்வளவு நல்லவளான்னு கண்ணு கலங்குச்சு சார் எனக்கு. அந்த நேரத்துலதான் இது நடந்திருக்கு.

அஞ்சே காலுக்குக் கீழ வர்றோம். முன் சக்கரத்துல மஞ்சளா ஒரு பூட்டு. கண்ணாடியில இந்தச் சீட்டு. அவ ஐயோன்னு வாயில கைய வச்சா. என்னா நடிப்புன்னு தோணுச்சு. நான் மூணாவது வரியப் படிச்சேன். அவகிட்டக் காட்டினேன். பன்னண்டுன்னு இருக்கே, இது யாரு வீடுன்னு கேட்டேன். அவ அதப் படிச்சா. ரெண்டு தடவ படிச்சா. அப்புறம் என் பொண்ணப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்து, சரி, நான்தான் பண்ணினேன், போதுமான்னா.

ஆமா சார். அவ வாயாலயே சொன்னா.

அதுக்கப்புறம் நான் பேசினதெல்லாம் சொல்ல முடியாது. இல்ல, சொல்றேன், சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பெத்துக்க வக்கில்லாதவ, பெத்தவகிட்டருந்து பறிக்கப் பாக்கறியாடின்னு கேட்டேன். எல்லா பால்கனியிலயும் ஆளு நிக்குது. ஒரு கிழவரு செடிக்குத் தண்ணி ஊத்தறத நிறுத்திட்டுப் பாக்கறாரு. பன்னண்டு வருஷத்துல அந்த ஒரு வார்த்தைய யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போயிருக்கேன். லேப்ல ஒருத்தன் ஜாடையா சொன்னதுக்கு அவன் டிபன் பாக்ஸ ஜன்னல் வழியா எறிஞ்சவ நான். அந்த வார்த்தைய நானே சொன்னேன். அவ கையிலிருந்த பெட்டியக் கீழ வச்சா, பிடிய என் பக்கமா திருப்பி வச்சா. மேல போயிட்டா.

இப்ப பொண்ணு எங்கயா? அங்கதான் இருக்கா. இந்த ஃபைன் விஷயம் முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்னு விட்டு வச்சிருக்கேன். இங்கேருந்து நேரா அங்கதான் போறேன். அவதான் புகார் குடுத்தான்னு தெரிஞ்சிருச்சுன்னா, எனக்கு ஒரு உறுத்தலும் இல்ல. படியேறிப் போய், கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவேன்.

அவளே ஒத்துக்கிட்டாளே, அப்புறம் எதுக்கு ரெக்கார்டுன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். இருந்தாலும் போடுங்க சார். அவ குரல ஒரு தடவ என் காதால கேட்டுட்டேன்னா நிம்மதியா இருக்கும். சீட்டுல நேரம் நாலு இருபத்திரெண்டு. சனிக்கிழமை. அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்திக்கலாமா? சத்தத்துல கேக்காது. ஆங், இப்ப போடுங்க.

ம்.

இன்னொரு தடவ போடுங்க.

போதும் சார். நிறுத்திருங்க.

இல்ல, தண்ணி வேணாம். எவ்வளவு தெளிவா பேசறா பாத்தீங்களா? பன்னண்டாம் நம்பர் ஃபிளாட்லேருந்து பேசறேன், விசிட்டர் இடத்துல கார்டு இல்லாம ஒரு கார் நிக்குது, நம்பர் எழுதிக்கோங்க அங்கிள்னு. நாலு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொல்றா. அம்மா கார்னு சொல்லல, ஒரு கார்னுதான் சொல்றா. விசிட்டர்னு சொல்றப்ப அந்த 'சி'ங்கற எழுத்துல காத்து வருது, கவனிச்சீங்களா? மேல் வரிசையில ஓரத்துப் பல்லு ரெண்டும் இன்னும் முழுசா இறங்கல. வேற யாருன்னு சொல்லி என்ன ஏமாத்திக்க முடியாது. இது என் தொழிலு.

சின்னப் பிள்ளை பேசறான்னு உங்க ஆளுக்கு சந்தேகம் வரலையான்னு கேக்கப் போறதில்ல. வந்திருக்காது. லேப் வேலைய வீட்டுக்கும் எடுத்துட்டு வருவா அவ, கையெல்லாம் மெழுகு. போனத் தொட முடியாதுன்னு விஷயத்த மட்டும் சொல்லுவாளாம், என் பொண்ணுதான் நம்பர் போட்டுப் பேசுவாளாம். ஒரு வருஷமா பன்னண்டாம் நம்பர் வீட்டுக் குரல்னா உங்க ஆபீஸுக்கு என் பொண்ணு குரல்தான். எங்க ரெண்டு பேர் பிழைப்பும் பல்லும் மெழுகும். அது என் பிள்ளைக்கு இதக் கத்துக் குடுத்திருக்கு பாருங்க.

ஆமா, எனக்கு முன்னாடியே தெரியும். உங்ககிட்ட மறைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. அன்னிக்கே என் பொண்ணு சொன்னா. அவ சித்தின்னு கூப்பிடற இவ மேல போனப்புறம், அந்தப் பூட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, சித்தியத் திட்டாதம்மா, சாவியையும் சித்தி போனையும் எடுத்துட்டுப் போய் நான்தான் கார்ட எடுத்தேன், நான்தான் போன் பண்ணினேன்னு சொன்னா. போன மாசம் எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்தவங்க கார பூட்டினப்ப, அவங்க ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போனாங்களாம். நானும் தங்கிருவேன்னு நினைச்சிருக்கா.

நான் நம்பல சார். பழிய ஏத்துக்கச் சொல்லிப் பிள்ளைக்கு சொல்லிக் குடுத்திருக்கான்னு நினைச்சேன். இவ நான்தான்னு சொல்றா, அவளும் நான்தான்னு சொல்றா. எனக்கு எது தாங்குமோ அத எடுத்துக்கிட்டேன். கூடப் பழகினவ துரோகம் பண்ணிட்டான்னா திட்டலாம், பேசாம இருக்கலாம், ஊரெல்லாம் சொல்லித் திரியலாம். பெத்ததே பண்ணிருச்சுன்னா யாருகிட்டப் போய்ச் சொல்றது? அதான் ஆட்சேபணை மனு எழுதிப் போட்டேன்.

அந்த ஃபாரத்தக் குடுங்க. ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதணுமா? எங்க, இந்தக் கோட்டுக்கு மேலயா? உங்க நேரத்த வீணடிச்சுட்டேன். வெளிய இன்னும் ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க.

இல்ல, இழுத்துட்டுல்லாம் வர மாட்டேன். சும்மா சொன்னேன். அன்னிக்கே பூட்ட எடுத்தப்புறம் பெட்டி ரெண்டையும் கார்ல ஏத்திட்டு, என் பொண்ணு பக்கத்துக் கதவத் திறந்து வச்சேன். வர்றியா, இருக்கியான்னு கேட்டேன். இருக்கேன்னா.