தண்ணீர் கறுத்த பிறகும்

கார்பன் இழையில் செய்த பந்தய சைக்கிளுக்கும் வெயில் ஆகாது. மேலே அடித்திருக்கும் கிளியர் கோட், அதாவது கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு, சில வருடத்தில் மங்கி உரியத் தொடங்கும். உள்ளே கார்பன் நன்றாகவே இருக்கும். பழைய பூச்சைத் தேய்த்தெடுத்துப் புதிதாக அடித்தால் போதும். ஆரணியில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். பைக் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன், மகளின் சைக்கிளுக்காகக் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எழுதுகிறேன். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

என் மனைவி சுபத்ரா இறந்தபோது மகள் கனிமொழிக்கு ஆறு வயது. தலை பின்னியது, சோறு கட்டிக் கொடுத்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். பத்தொன்பது வயதுக்குள் சைக்கிள் பந்தயத்தில் மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்துவிட்டாள். தினமும் விடியலில் தோழி நிஷாவோடு பெரணமல்லூர் தாண்டித் தெள்ளார் வரை போய் வருவாள். அவள் திரும்பும் வரை எனக்குக் காபி இறங்காது.

போன மாசியில் வடக்கே ஒரு பயிற்சி முகாமில் இடம் கிடைத்தது. மூன்று வருடம். நிஷாவின் அம்மா ஜெயவதி இனிப்பு கொண்டுவந்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுவதை நினைத்தாலே சோற்றைத் தள்ளி வைத்துவிடுவேன். போகாதே என்று கெஞ்சிப் பார்த்தேன், காலைக்கூடப் பிடித்தேன்.

"மூணே வருசம்பா. இப்படி அழுதுகினு அனுப்பாத" என்றாள்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பூச்சு மங்கிவிட்டது, புதுசாக்கித் தா என்று அவளே கழற்றிக் கொடுத்தாள்.

இந்த வேலைக்கு ஒரே விதிதான். வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, நனைத்துத் தேய்க்கும்போது தண்ணீர் பால் போல வந்தால் அது பழைய பூச்சு. கறுத்து வந்தால் கார்பனையே தேய்க்கிறோம் என்று பொருள். கையை எடுத்துவிட வேண்டும். கனிக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் கறுத்தது. நான் கையை எடுக்கவில்லை. ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு வாளித் தண்ணீர் மாற்றினேன். விழுந்து கை முறிந்தால் ஆறு வாரம் கட்டு, முகாம் தேதி தாண்டிவிடும். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

பிறகு அமாவாசைக்குக் காத்திருந்தேன். அன்று பக்கத்து வீட்டுத் தறிகளுக்கு விடுமுறை. மற்ற நாளில் பட்டுத் தூசி பறந்து ஈரப் பூச்சில் ஒட்டும். நான்கு கோட் அடித்தேன். அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை. மாட்டும்போது அவள் கேட்டாள்.

"தண்ணி கறுக்கலையேப்பா?"

"பாலாட்டம்தான் வந்துச்சும்மா."

மூன்றாம் நாள் ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் ஃபோர்க் முறிந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்றார்கள்.

அழுதேன், மேடம். அது நடிப்பில்லை. ஆனால் அவளை வீட்டுக்குத் தூக்கிவந்து ஜன்னலோரம் படுக்க வைத்த அன்று, எத்தனையோ நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். மறுபடியும் தலை பின்னிவிட ஆரம்பித்தேன். வேண்டாம் என்றுதான் சொல்வாள். பழகிவிடும்.

முறிந்த ஃபோர்க்கை நிஷா எடுத்துவந்து அவளிடம் காட்டியிருக்கிறாள். முறிந்த இடம் அப்பளம் மாதிரி மெலிந்திருந்ததாம். அதன் பிறகு கனி என்னோடு பேசவில்லை. நிஷாவை உள்ளே விடுவதை நிறுத்தினேன். கனியின் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். வெளியே போகும்போது வீட்டைப் பூட்டினேன். எல்லாம் அவள் பாதுகாப்புக்குத்தான்.

ஜன்னல் வழியாக நிஷாவிடம் கொடுத்தனுப்பிய புகாரில் இருப்பது கனியின் கையெழுத்தேதான். உங்கள் போலீஸ்காரர்கள் பூட்டை உடைத்து அவளை ஜெயவதி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டதாகவும், அவளே அதைக் கேட்டதாகவும் சொல்கிறீர்கள். குழந்தைக்கு ஏதோ கோபம். இரண்டு நாளில் சரியாகிவிடும். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தெரிந்தேதான் தேய்த்தேன். இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னை அனுப்பிவிடுங்கள், மேடம். போகிற வழியில் கடைத்தெருவில் ஒரு நல்ல பூட்டு வாங்க வேண்டும்.