எஞ்சினுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

மாலை ரயிலில் சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் ஏறிய இரண்டு இலங்கைத் தமிழர்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவரின் மேலங்கி முழுக்க கிரீஸ் கறை.

"என்ரை தேசிக்காயைக் காலாலை தட்டிவிட்டான், அண்ணை!"

"ஆர்?"

"ரயில் மியூசியத்துப் பொறுப்பாளன்தான். அந்தப் பழைய டீசல் எஞ்சின் முப்பது வருசமாய் யார்டிலை சாமான் பெட்டி இழுத்துத் துருப்பிடிச்சுக் கிடந்தது. எல்லாத்தையும் சுரண்டிப் பெயின்ற் அடிச்சது நான். இண்டைக்குத் திருத்தின பிறகு முதல் ஓட்டம். சும்மா விடலாமோ? சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சனான்."

"அதுக்கு அவன் என்னவாம்?"

"குப்பை போடாதை எண்டு எல்லாருக்கும் முன்னாலை கத்தினான். பிறகு தானே ஒரு சம்பெயின் போத்திலை எஞ்சினிலை அடிச்சு உடைச்சான். வந்த சனமெல்லாம் கைதட்டினது. தண்டவாளம் முழுக்கக் கண்ணாடி. ஆர் கூட்டினது? நான்தான்!"

மூத்தவர் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப தேசிக்காய் இல்லாமலோ ஓடினது?"

"அவன் கண்டது முன்சில்லிலை வைச்சதை மட்டும்தான்." இளையவர் பல்லைக் காட்டிச் சிரித்தார். "பின்சில்லிலை வைச்சதை நசிச்சுப்போட்டுத்தான் எஞ்சின் ஷெட்டை விட்டு வெளிக்கிட்டது."