முடிவைச் சொல்லிவிடுகிறவர்

ஒரு படத்தின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது. நீங்கள் காரணம் கேட்டபடியால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விமலேந்திரன் குண்டசாலையில் என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த இளைஞர். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னைப் போல யாழ்ப்பாணம்தான். போர்க்காலத்தில் அப்படி ஒருவரை வைத்திருந்தால் வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும். நான் முறைப்படி பதிந்தேன். அவர் கவனமில்லாதவர், தொலைத்துவிடுவார் என்று பதிவுத் துண்டை என் பையிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ரெஸ்லிங் பைத்தியம். சண்டையைவிட, அந்த வீரர்களின் கதையைச் சொல்லும் விவரணப் படங்கள்தான் எனக்கு உயிர். யார் விழுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். விழுந்தவர் பிறகு எழுந்து, வென்றவரோடு கோப்பி குடிப்பார். அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. விமலேந்திரனிடம் மட்டும் ஒரு கெட்ட பழக்கம். தான் முதலில் பார்த்துவிட்டால், சோற்றைப் பிசைந்துகொண்டே முடிவைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் எவ்வளவோ பொறுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கண்டி நகரில் பாயிஸின் கடையில் இரண்டு புதிய டிவிடிகள் வந்திருந்தன. ஒன்று, முகமூடி போட்ட வீரர் ஒருவரின் வாழ்க்கை. மற்றது, சோடியாக நின்று சண்டை பிடித்த இரண்டு சகோதரர்கள் பிரிந்த கதை.

“ஒவ்வொண்ணுலயும் ஒரு கொப்பிதான் சேர். ஆளுக்கொண்ணு எடுங்க,” என்றார் பாயிஸ்.

நான் யோசித்து முடிப்பதற்குள் சகோதரர்களை விமலேந்திரன் எடுத்துவிட்டார்.

“இதை நான் முதல் பாக்கிறன் அண்ணை. நீங்கள் முகமூடிக்காரரைப் பாருங்கோ. பிறகு மாத்துவம்.”

“ஓம்,” என்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் நின்று டிவிடிக்காகச் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை நான்.

திரும்பும் வழியில் இராணுவம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியது. உடற்சோதனைக்குக் கையைத் தூக்க வேண்டும். “ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை,” என்று விமலேந்திரன் டிவிடியை என்னிடம் தந்தார். பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்டார்கள். அவர் என்னைக் காட்டினார். என் அரசாங்க உத்தியோக அட்டையைப் பார்த்த சிப்பாய், இந்த ஆளைத் தெரியுமா என்று சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டான்.

பை என் தோளில் இருந்தது. டிவிடி என் கையில் இருந்தது. தெரியாது என்றேன்.

விமலேந்திரன் என்னைப் பார்த்துச் சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு பஸ்ஸைப் போக விட்டார்கள்.

ஒரு நாள் வைத்து விசாரித்துவிட்டு விடுவார்கள், அதற்குள் ஆறுதலாகப் படத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பார்த்தேன். நல்ல படம்.

பிறகாவது போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முதலில் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வரும். உத்தியோகம் பார்ப்பவனுக்கு அது அழகில்லை.

அவருடைய தாய் பத்மாதேவி, தரைப் பாதை பூட்டிக் கிடந்ததால், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தார். முன்னறையில் மகனுடைய சேர்ட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமிக்காரர் தாங்கள் பிடிக்கேல்லை எண்டு சொல்லுகினம் தம்பி. பிடிச்சதைக் கண்ட ஒராள் வந்து சொன்னால் காணுமாம். ஆரும் கண்டவையோ?”

“தெரியேல்லை அம்மா. நான் அண்டைக்கு வேளைக்கு வந்திட்டன்,” என்றேன். அவர் பக்கத்துக் கதிரையில்தான் என் பை தொங்கியது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடப் போட்டேன், பாவம்.

போர் முடிந்தது. அவர் இன்னும் வரவில்லை. இரண்டு டிவிடிகளும் அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முகமூடிக்காரரை நான் பிரிக்கவேயில்லை. அதை முதலில் பார்க்கிற உரிமை விமலேந்திரனுடையது. சகோதரர்களின் முடிவையும் நான் அவருக்குச் சொல்லப்போவதில்லை. ஒருவர் ஆசையாகக் காத்திருப்பதைக் கெடுக்கிற ஆள் இல்லை நான்.